பெரிய குருத்தெலும்பு வட்டுகளுக்கான ஊடகச் சுழற்சிக் கருவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஆய்வகத்தில் குருத்தெலும்புத் திசுவை வளர்ப்பவர்களுக்கென விற்கப்படும் ஊடகச் சுழற்சிக் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். பெர்ஃபியூஷன் பயோரியாக்டர் என்னும் பொதுப் பெயரில் இத்தகைய கருவிகள் பல விற்பனையில் உள்ளன. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த வகைக்கே உரியவை என்பதால் தயாரிப்பாளரின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். செல்கள் கலந்த ஜெல்லால் ஆன, 40 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. வரை தடிமனும் கொண்ட ஒரு வட்டைத் துருப்பிடிக்காத எஃகு வலையின் மேல் கிடத்தி, அதன் இரு முகங்களையும் ஊடகம் (செல்களுக்குச் சத்தூட்டும் திரவம்) தொடும்படி பிடித்துக்கொள்ளும் வளர்ப்பறை, குழாயை உருளைகளால் அழுத்தி ஊடகத்தைத் தள்ளும் ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப், சிலிக்கோன் குழாய்கள், 50 மி.லி. கொள்ளும் ஊடகக் குப்பி, ஆக்சிஜனேற்றும் சுருள்குழாய், அடைப்பு வளையங்கள், வட்டை வார்ப்பதற்கான அச்சு, அந்த அச்சோடு பொருந்தும் ஊசித் தட்டு ஆகியவை பெட்டியில் இருந்தன. விற்பனைக் குறிப்பில் பம்புக்கும் சுருள்குழாய்க்கும் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்க, ஊசித் தட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. பயன்படுத்திப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட மதிப்பீடு இதற்கு நேர்மாறானது.

சிறிய வட்டில் நன்றாக வளரும் திசு, பெரிய வட்டில் ஏன் நடுவில் வெளிறிப்போகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இக்கருவியை எடைபோட முடியாது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. உடலில் அது மூட்டுத் திரவத்திலிருந்து ஊறிவரும் சத்துகளைக் கொண்டே வாழ்கிறது. அதற்குத் துணைநிற்பவை அதன் மெலிவும், மூட்டின் அசைவும், செல்களின் சொற்ப எண்ணிக்கையும் ஆகும். வயது வந்த மனிதரின் மூட்டுக் குருத்தெலும்பில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கோடி செல்களே இருக்கின்றன. நாமோ சில வாரங்களுக்குள் திசு உருவாக வேண்டும் என்று கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோஸின் 2 சதவீத ஜெல்லுக்குள் மில்லிலிட்டருக்கு 3 கோடி, சில வேளைகளில் 6 கோடி செல்களைக் கலக்கிறோம். அத்தனை செல்களும் ஒரே சமயத்தில் குருத்தெலும்பின் கூட்டுப்பொருளில் முதன்மையான கொலாஜனையும் அக்ரிகனையும் உற்பத்தி செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். எனவே உடலில் உள்ள திசுவைக் காட்டிலும் பல மடங்கு பசியுள்ள ஒன்றை, மூட்டின் அசைவு எதுவும் இல்லாத ஒரு பாத்திரத்தில் நாம் வளர்க்கிறோம்.

இனி அளவைப் பார்க்கலாம். 4 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்ட வழக்கமான சிறு வட்டின் கன அளவு சுமார் 31 மைக்ரோலிட்டர்; மில்லிலிட்டருக்கு 3 கோடி என்ற அடர்த்தியில் அதில் 9.4 லட்சம் செல்கள் இருக்கும். அதே தடிமனில் விட்டத்தை 40 மி.மீ. ஆக்கினால் கன அளவு 3.1 மி.லி. ஆகிறது, செல்களின் எண்ணிக்கை 9.4 கோடியைத் தொடுகிறது. செல்கள் 100 மடங்கு பெருகும்போது, சத்து நுழைவதற்கான வெளிப்பரப்பு 50 மடங்குதான் பெருகுகிறது. சிறு வட்டின் வெளிப்பரப்பில் பாதிக்கும் மேலானது அதன் பக்கச் சுவர். பெரிய வட்டிலோ அந்தச் சுவர் ஒன்பதில் ஒரு பங்குதான். வட்டின் அடி முகம் பாத்திரத்தின் தரையில் ஒட்டிக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சிறு வட்டில் கிடைத்த வெற்றியைப் பெரிய வட்டுக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாததற்கு முதற்காரணம் இந்தக் கணக்குத்தான். வலையின் மேல் வட்டைத் தூக்கிவைத்து அடி முகத்தைத் திறந்துவிடும் வகையில் இந்த வளர்ப்பறையின் வடிவமைப்பு பாராட்டுக்குரியது. கருவியின் மறுக்க முடியாத முதல் நன்மையாக அதையே குறிப்பிடுவேன்.

ஆனால் முகத்தைத் திறந்துவிடுவது வேறு, நடுப்பகுதிக்குச் சத்தைக் கொண்டுசேர்ப்பது வேறு. பம்பு இயங்கும்போது ஊடகம் வட்டின் முகங்களைத் தடவிக்கொண்டு ஓடுகிறதே தவிர, அகரோஸ் ஜெல்லுக்குள் அது புகுவதில்லை. ஜெல்லின் நுண்துளைகள் நீரோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு மிகப் பெரியது. குருத்தெலும்புக்கு உரிய கூட்டுப்பொருள் உருவாக உருவாக அந்த எதிர்ப்பு மேலும் கூடும். முகத்தைத் தாண்டி உள்ளே செல்லும் குளுக்கோஸ் விரவலால் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதால்) மட்டுமே செல்கிறது. விரவலின் இயல்பு என்னவென்றால், தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். 37 டிகிரி செல்சியஸில் நீரில் குளுக்கோஸின் விரவல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 1.25 மி.மீ. தூரத்தைக் கடக்கக் கால் மணி நேரமும், 2.5 மி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமும் ஆகின்றன. நேரம் மட்டும் சிக்கலாக இருந்திருந்தால் காத்திருந்தாலே போதும். 40 நாள் வளர்ப்பில் ஒரு மணி நேரம் பெரிதல்ல. வழியில் உள்ள செல்கள் அதை உண்டுவிடுகின்றன என்பதே உண்மையான சிக்கல். வெளிப்புற அடுக்கு வயிறார உண்டபின் மிஞ்சுவதுதான் நடு அடுக்குக்குச் சென்று சேரும். சத்து எட்டும் ஆழம், ஊடகத்தில் அதன் செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. செல் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைகிறது. குளுக்கோஸின் செறிவை 5.5 மில்லிமோலாரிலிருந்து 25 மில்லிமோலாருக்கு உயர்த்தினால், அதாவது நான்கரை மடங்கு கூட்டினால், ஆழம் இரு மடங்கைச் சற்றே தாண்டும். செல் அடர்த்தியை இரட்டிப்பாக்கினால் அந்த ஆழத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழக்கிறோம்.

எங்கள் முதல் மூன்று சுற்றுகளும் இதை எங்களுக்குக் கசப்பாகக் கற்பித்தன. கையேட்டில் சொல்லப்பட்ட வேகத்தில் பம்பை இயக்கி, 5 மி.மீ. தடிமன் கொண்ட துளையற்ற வட்டுகளை ஆறு வாரம் வளர்த்தபின் குறுக்காக வெட்டி, அக்ரிகன் உள்ள இடங்களைச் சிவப்பாகக் காட்டும் சஃப்ரனின்-ஓ சாயமேற்றிப் பார்த்தோம். இரு முகங்களை ஒட்டியும் அழகிய சிவப்புப் பட்டை இருந்தது. நடுவே வெற்று அகரோஸைப் போன்ற வெளிறிய பட்டை ஓடியது. வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் குழைவாகவும் இருந்த அந்த வட்டுகள் அழுத்தச் சோதனையில் சீராக நடந்துகொள்ளவில்லை. மிகுந்த உழைப்பைக் கொட்டிய மாணவி ஒருவர் அந்தக் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பம்பின் வேகத்தைக் கூட்டிப் பார்க்குமாறு தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவு ஆலோசனை கூறியது. வேகத்தைக் கூட்டியதால் முகத்தருகே தேங்கி நிற்கும் மெல்லிய ஊடகப் படலம் இன்னும் மெலிந்திருக்கலாம். ஆனால் அந்தப் படலத்தால் வரும் தடை, வட்டின் உள்ளே உள்ள தடையோடு ஒப்பிடுகையில் சிறிது. நடுப்பட்டை மாறவில்லை. கலக்கும் குடுவைகளில் வளர்த்த குருத்தெலும்பின் மேற்பரப்பில் நார்த்தன்மையுள்ள உறை உருவாவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதால், வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்டுவது தீங்காகவும் முடியலாம்.

அடுத்து நாங்கள் கண்டுகொண்டது ஊடகத்தின் மொத்த அளவைப் பற்றியது. இக்கருவியின் மிகப் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. 4 மி.மீ. சிறு வட்டுக்கு 1 மி.லி. ஊடகம் தருவது எங்கள் வழக்கம். அதே விகிதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் 2.5 மி.மீ. தடிமனுள்ள 40 மி.மீ. வட்டுக்கு 100 மி.லி. வேண்டும், 5 மி.மீ. தடிமன் என்றால் 200 மி.லி. வேண்டும். கருவியோடு வந்த குப்பியோ 50 மி.லி. மட்டுமே கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றினாலும், இரண்டாம் நாள் காலையிலேயே ஊடகம் அமிலமானதற்கு அடையாளமாக மஞ்சளாகிவிடுவதைக் கண்டோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு லேக்டேட் மூலக்கூறுகளாகிறது. 25 மில்லிமோலார் குளுக்கோஸ் முழுவதும் அவ்வாறு மாறினால் 50 மில்லிமோலார் லேக்டேட் சேரும், செல் வளர்ப்பில் வழக்கமான டி.எம்.இ.எம். ஊடகத்தில் அமிலத்தைத் தாங்குவதற்கு இருக்கும் பைகார்பனேட்டோ 44 மில்லிமோலார்தான். ஆகவே குளுக்கோஸ் தீர்ந்துபோகும் முன்பே ஊடகம் அமிலமாகி, செல்களின் உற்பத்தி தளர்ந்துவிடும். செறிவை மேலும் ஏற்றுவது இதற்குத் தீர்வாகாது. ஊடகத்தின் கன அளவைக் கூட்டுவதே தீர்வு. நாங்கள் 250 மி.லி. கண்ணாடிக் குப்பி ஒன்றை இணைப்பு மூடி மாற்றிப் பொருத்திக்கொண்டோம். கருவியில் நாங்கள் செய்த மாற்றங்களுள் மிக எளிதானதும் உடனே பலன் தந்ததும் இதுவே. இதைத் தயாரிப்பாளர் முதலிலேயே செய்து தந்திருக்க வேண்டும், 40 மி.மீ. வட்டுக்கான கருவி என்று சொல்லிவிட்டு 50 மி.லி. குப்பியைத் தருவது பொறுப்பான செயலன்று.

இப்போது ஊசித் தட்டுக்கு வருகிறேன். 1 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஊசிகள் முக்கோண ஒழுங்கில் 3 மி.மீ. இடைவெளியில் நிற்கும் தட்டு இது. செல் கலந்த அகரோஸை அச்சில் ஊற்றி, தட்டை மேலிருந்து இறக்கி, ஜெல் உறைந்தபின் தூக்கினால், மேலிருந்து கீழ் வரை ஊடுருவும் ஏறத்தாழ 150 துளைகள் வட்டில் இருக்கும். இதற்காக ஜெல்லின் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறோம். ஆனால் இரு முகங்களும் திறந்த 5 மி.மீ. தடிமனுள்ள வட்டில் நடுச்செல் ஒன்று ஊடகத்திலிருந்து 2.5 மி.மீ. தொலைவில் இருந்த நிலை மாறி, எந்தச் செல்லும் 1.25 மி.மீ.க்கு மேல் தொலைவில் இல்லை என்ற நிலை வருகிறது. செறிவைக் கூட்டி இதே பலனைப் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு கூட்ட வேண்டியிருக்கும் என்பதை மேலே சொன்ன வர்க்கமூல விதியிலிருந்து அறியலாம். தூரத்தைப் பாதியாக்குவது எவ்வளவு வலிமையான உத்தி என்பது அப்போது விளங்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் ஹங், ஜெரார்டு அட்டேஷியன் ஆகியோரின் குழுவினர், சத்துத் துளைகளும் தாராளமான ஊடகமும் சேரும்போது பெரிய வட்டுகளில் கூட்டுப்பொருள் உற்பத்தி மேம்படுவதை 2010-களின் நடுப்பகுதியில் காட்டியிருந்தார்கள். நாங்கள் அதைப் படித்திருந்தும், விலையுயர்ந்த பம்பின் மேல் வைத்த நம்பிக்கையால் ஊசித் தட்டை ஓரமாக வைத்துவிட்டோம். நான்காம் சுற்றில் துளைகளையும் 250 மி.லி. குப்பியையும் ஒன்றாகப் பயன்படுத்தியபோது, குறுக்குவெட்டில் சிவப்பு நடுப்பகுதி வரை வந்திருந்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் அடர்சிவப்பு வளையம் ஒன்று இருந்ததைப் பார்க்கையில், சத்து எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைத் திசுவே வரைந்து காட்டியது போலிருந்தது.

பம்பும் இப்போதுதான் பயனுள்ளதாக மாறுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துளைக்குள் இருக்கும் ஊடகம் தேங்கிக் கிடந்தால் அதிலும் சத்து குறைந்துவிடும்; அடியிலிருந்து மேலாக ஊடகத்தை மெதுவாகத் தள்ளினால் துளைகளின் வழியே அது ஓடிப் புதுப்பிக்கப்படுகிறது. இதற்கு வட்டின் விளிம்பு சரியாக அடைபட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஊடகம் எளிதான வழியைத் தேடி, விளிம்பைச் சுற்றி வழிந்துவிடும். கருவியோடு வந்த அடைப்பு வளையங்கள் முதல் இரண்டு வாரங்களுக்குப் போதுமானவை. அதன்பின் வட்டு உப்பி வளையத்தைத் தள்ளிவிடுகிறது. மென்மையான மாற்று வளையங்களைப் போட்டபின்பே ஓட்டம் துளைகளின் வழியாகச் சென்றதை, நிறமியைச் செலுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். ஒப்பீட்டுக்காக, துளையுள்ள வட்டுகளைப் பெரிய பாத்திரத்தில் வலைத்துண்டின் மேல் வைத்து, 200 மி.லி. ஊடகத்தோடு சுழல் அசைப்பானில் மெதுவாக ஆட்டியும் வளர்த்தோம். 2.5 மி.மீ. வட்டுகளில் இரு முறைகளுக்கும் இடையே என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. 5 மி.மீ. வட்டுகளில் மட்டுமே கருவியில் வளர்ந்தவை சற்றுச் சீராக இருந்தன.

ஊசித் தட்டைக் கையாள்வதற்குப் பழக்கம் தேவை. உறைந்த ஜெல்லிலிருந்து தட்டை வெளியே காற்றில் வைத்துத் தூக்கினால் ஊசிகளின் அடியில் வெற்றிடம் உண்டாகி ஜெல் கிழிகிறது. அச்சோடு சேர்த்து ஊடகத்துக்குள் மூழ்கவைத்து, நேராகவும் மெதுவாகவும் தூக்கினால் கிழிசல் இல்லை. கையேட்டில் இது இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான்கு வாரங்களுக்குப் பின் துளைகள் சுருங்கத் தொடங்குகின்றன. 1 மி.மீ. பயாப்சி பஞ்ச் என்னும் துளையிடும் கருவியைக் கொண்டு அவற்றை மீண்டும் திறந்துவிடலாம். 150 துளைகளுக்கு அதைச் செய்யும் பொறுமையும், தூய்மை கெடாமல் செய்யும் கைப்பழக்கமும் வேண்டும்.

குளுக்கோஸைப் போன்ற சிறு மூலக்கூறுகளைப் பற்றியே இதுவரை சொன்னேன். கூட்டுப்பொருளை உற்பத்தி செய்யுமாறு செல்களைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் கதை வேறு. அவற்றுள் ஒன்றான டி.ஜி.எஃப்.-பீட்டா 3 சுமார் 25 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள, குளுக்கோஸைவிட மிகப் பெரிய புரதம். அது மெதுவாக விரவுவதோடு, போகும் வழியில் ஒட்டிக்கொள்கிறது, செல்களாலும் உட்கொள்ளப்படுகிறது. ஆகவே மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்ற வழக்கமான செறிவில் ஊடகத்தில் கலந்தாலும் அதன் பலன் பெரும்பாலும் வெளியடுக்கிலேயே நின்றுவிடுகிறது. செயல்படும் வடிவத்துக்குப் பதிலாக இன்னும் செயல்படத் தொடங்காத மறைநிலை வடிவத்தைக் கொடுத்தால் அது வழியில் தங்காமல் உள்ளே சென்று, செல்களால் அங்கே செயலூட்டப்படுகிறது என்று மேற்சொன்ன கொலம்பியா குழுவினர் 2016-இல் காட்டினார்கள். இந்தச் சிக்கலுக்குக் கருவி எந்த உதவியும் செய்வதில்லை. துளைகள் ஓரளவு செய்கின்றன. 200 மி.லி. ஊடகத்துக்கு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 2 மைக்ரோகிராம் காரணி தேவைப்படுவதால் செலவு ஏறும் என்பதையும் வாங்க நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் இக்காரணியைக் கொடுத்துப் பின் நிறுத்துவது, இரத்தச் சீரம் சேர்க்காத ஊடகத்தில் திசுவின் முதிர்ச்சிக்கு நன்மையே செய்கிறது என்று 2008-இல் வெளிவந்த ஆய்வு இருப்பதால், நாங்கள் அம்முறையையே பின்பற்றுகிறோம். பெரிய கன அளவு அதனாலேயே எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ஆக்சிஜனேற்றும் சுருள்குழாயைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. குருத்தெலும்புச் செல்கள் தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியைக் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் சிதைப்பதிலிருந்தே பெறுகின்றன. உடலிலும் அவை குறைந்த ஆக்சிஜனிலேயே வாழ்கின்றன. சிலிக்கோன் குழாயின் சுவரே வாயுவை நன்கு கடத்தும். நாங்கள் சுருளை ஐந்தாம் சுற்றோடு கழற்றிவிட்டோம். எந்தக் குறையும் ஏற்படவில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் தொல்லை தந்தவை மூன்று. முதலாவது காற்றுக்குமிழி. அடியிலிருந்து வரும் ஓட்டத்தில் குமிழிகள் வலைக்கும் வட்டுக்கும் இடையே சிக்கி, அந்த இடத்தில் அடி முகத்தை மூடிவிடுகின்றன. ஊடகத்தை முன்கூட்டியே இன்குபேட்டரில் வைத்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, வளர்ப்பறையைச் சாய்த்து நிரப்பினால் இது குறைகிறது. ஆனால் குமிழிப்பொறி ஒன்று கருவியிலேயே இருந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆவியாதல். வாயுவைக் கடத்தும் அதே சிலிக்கோன் சுவர் நீராவியையும் கடத்துவதால் ஊடகத்தின் உப்புச் செறிவு ஏறுகிறது. குழாயின் நீளத்தைப் பாதியாகக் குறைத்ததும், இன்குபேட்டரின் நீர்த்தட்டை நாள்தோறும் கவனித்ததும் இதற்கு நாங்கள் கண்ட வழிகள். மூன்றாவது பம்பின் குழாய் தேய்மானம். உருளைகள் அழுத்தும் பகுதி நான்கு வாரங்களுக்குள் தேய்ந்துவிடும். ஆறு வார வளர்ப்பின் நடுவே அது கசிந்து, ஒரு சுற்று முழுவதும் பூஞ்சைக்குப் பலியானது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழாயை நகர்த்திப் புதிய பகுதியை உருளைக்கடியில் வைப்பதை இப்போது நாட்காட்டியில் குறித்துச் செய்கிறோம். பம்பை இன்குபேட்டருக்கு வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுவது மோட்டாருக்கும் நல்லது.

வளர்ப்பறையோடு இணைக்கத்தக்க அழுத்தும் பகுதி ஒன்றும் தனியாக விற்கப்படுகிறது. நாங்கள் அதை வாங்கவில்லை. நொடிக்கு ஒருமுறை (1 ஹெர்ட்ஸ்), தடிமனில் 10 சதவீதம் அமுங்கும்படி அழுத்துவது அகரோஸில் வளரும் திசுவை வலுவாக்குகிறது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்தே அறியப்பட்ட செய்தி. பெரிய மூலக்கூறுகளை உள்ளே செலுத்தவும் அது உதவும். ஆனால் குளுக்கோஸைப் பொறுத்தவரை விரவலே அதைவிட விரைவாக வேலை செய்துவிடுவதால், நடுப்பகுதியின் பசிக்கு அது மருந்தாகாது. துளையுள்ள பெரிய வட்டை அழுத்தினால் துளை விளிம்புகளில் விரிசல் வருமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு.

5 மி.மீ. தடிமனுள்ள வட்டுகளைத் தொடர்ந்து வளர்க்கும் ஆய்வகங்களுக்கு இக்கருவியைப் பரிந்துரைப்பேன். வாங்கும் அன்றே பெரிய குப்பியையும் மென்மையான வளையங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். 3 மி.மீ.க்கு உட்பட்ட தடிமனில் வேலை செய்பவர்களுக்கு ஊசித் தட்டு, வலைத்துண்டு, அகன்ற பாத்திரம், சுழல் அசைப்பான், தாராளமான ஊடகம் ஆகியவையே போதும். ஊசித் தட்டைத் தனியாக விற்குமாறு தயாரிப்பாளரிடம் கேட்டோம். முதலில் தயங்கினாலும் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவற்றில் மேலும் மூன்றை இப்போது வாங்கியிருக்கிறோம். இரண்டாவது கருவியை வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.